அரசு வீடு: யார் போட்ட காசு?



குளங்களையும் மடைகளையும் பற்றி நான் எழுதிய பதிவைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் சிலர், "டீச்சர், தொகுப்பு வீடு வந்த கதையையும் எழுதுங்க" என்று கேட்டிருந்தீர்கள். உங்களில் பாதிப் பேர் ஓலைக் கூரைக்குக் கீழே பிறந்து, அரசுத் திட்டத்தில் கட்டிய வீட்டில் வளர்ந்து, இன்று சொந்தமாகக் காரை வீடு கட்டியவர்கள். ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களும், கொத்தனார்களும், வார்டு உறுப்பினர்களும் உங்களில் உண்டு. அதனால் இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

"கவர்மெண்டு வீடு கட்டிக் கொடுத்திருக்கு" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அந்தப் பேச்சு பாதிதான் சரி. ஏழைக்கு வீடு என்றால் அதில் மூன்று பங்கு இருக்கிறது. முதலாவது மனை. இரண்டாவது அரசு தரும் தொகை. மூன்றாவது, அந்தத் தொகை தீர்ந்த பிறகு வீட்டை முடிக்க ஆகும் மீதி. முதல் இரண்டைப் பற்றி அரசாணைகள் நிறைய உண்டு. மூன்றாவதைப் பற்றி அடகுக்கடைச் சீட்டுதான் உண்டு.

முதலில் மனையைப் பார்ப்போம்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. 1920-களில் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் என்று ஓர் அதிகாரியை வைத்து, அன்று தாழ்த்தப்பட்டோர் என்று அழைக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுமனை எடுத்துக் கொடுக்கும் வேலையைச் செய்தார்கள். வீடு கட்டப் பணம் கொடுக்கவில்லையே, வெறும் மனையை ஏன் முதலில் கொடுத்தார்கள்? காரணம் எளிது. பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருப்பவன் அவர் சொன்ன கூலிக்குத்தான் வேலைக்குப் போக முடியும். கூலி பத்தவில்லை என்று வாய் திறந்தால் அன்று ராத்திரியே குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். காலுக்குக் கீழே உள்ள மண் சொந்தமானால்தான் வாயைத் திறக்க முடியும்.

இதன் கொடுமையைத் தமிழ்நாடு 1968 டிசம்பர் 25 அன்று பார்த்தது. அன்றைய தஞ்சை மாவட்டத்தில் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நெருப்புக்கு முன்னால் ஓலையும் மண்சுவரும் என்ன பாதுகாப்புத் தரும் என்பதை அந்த இரவு காட்டியது.

1971-இல் தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தது. மற்றவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் அந்தக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கிய சட்டம் அது. 1974-இல் தாட்கோ தொடங்கியது. உங்களுக்குக் கடன் தரும் நிறுவனமாகத்தான் தாட்கோவைத் தெரியும். அதன் பெயரிலேயே வீட்டுவசதி இருக்கிறது. ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் வீடு கட்டுவதற்காகப் பிறந்த நிறுவனம் அது. 1978-இல், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுப்பதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. நம் பக்கத்தில் ஊருக்கு வெளியே வரிசையாக நிற்கும் காலனிகளில் பல, இப்படி எடுத்த நிலத்தில் எழுந்தவைதான்.

மனை கிடைத்தால் போதாது, அது எங்கே கிடைக்கிறது என்பதும் முக்கியம். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று இருந்த பிரிவினையை அரசுப் பணமே கல்லும் சிமெண்டும் வைத்து உறுதியாக்கிவிட்டது என்ற குறை நியாயமானது. அதற்கு மாற்றாக 1997-இல் அறிவிக்கப்பட்டதுதான் பெரியார் நினைவு சமத்துவபுரம். முதலாவது சமத்துவபுரம் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998-இல் திறக்கப்பட்டது. 100 வீட்டில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு என்று கணக்கு. தென் மாவட்டங்கள் சாதிக் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. பள்ளியில் வருகைப் பதிவேட்டை எடுத்தால், எந்தத் தெருப் பிள்ளைகள் அன்று வரவில்லை என்பதைப் பார்த்தே எங்கே பிரச்சினை என்று தெரிந்துகொள்வோம். அந்த நாளில் வீடுகளைக் கலந்து ஒதுக்குவது சிறிய காரியம் அல்ல.

இனி இரண்டாவது பங்கு, தொகை.

ஆசிரியர் பயிற்சி முடித்து நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தை ஒட்டி, 1985-86-இல், மத்திய அரசு இந்திரா குடியிருப்புத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கு மட்டும். 1993-94 முதல் மற்ற ஏழைகளுக்கும். 1989-இல் இதை ஜவகர் வேலைவாய்ப்புத் திட்டத்தின் ஒரு பகுதியாக்கினார்கள். 1996 ஜனவரி 1 முதல் தனித் திட்டம் ஆயிற்று. நம் பேச்சில் "தொகுப்பு வீடு" என்றால் பெரும்பாலும் இந்த வீடுதான்.

இந்தத் திட்டத்தில் இரண்டு நல்ல விதிகள் இருந்தன. ஒன்று, வீட்டை ஒப்பந்தக்காரர் கட்டக்கூடாது, பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும். மற்றொன்று, வீடு பெண்ணின் பெயரில் அல்லது கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். பெயர் எழுதுவதுதானே என்று நினைக்காதீர்கள். நம் ஊர்ப் பெண்கள் பலருக்குத் தங்கள் பெயர் எழுதிய முதல் சொத்துக் காகிதம் அதுதான். குடித்துவிட்டு வந்து "வீட்டை விட்டுப் போ" என்ற கணவனிடம், "இது என் பேர்ல உள்ள வீடு, நீ போ" என்று சொன்ன ஒரு தாயை எனக்குத் தெரியும். அவர் மகள் இன்று செவிலியர்.

தொகை எப்படி ஏறியது என்று பாருங்கள். சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 1996-இல் 20,000 ரூபாய். 2004-இல் 25,000. 2008-இல் 35,000. 2010-இல் 45,000. 2013-இல் 70,000. 2016-இல் திட்டத்தின் பெயர் பிரதமரின் வீட்டுவசதித் திட்டம் என்று மாறியபோது 1,20,000. முதல் எட்டு ஆண்டில் ஏறியது வெறும் 5,000 ரூபாய். 2016-இல் வைத்த 1,20,000-த்தை 2024-இல் திட்டத்தை மேலும் ஐந்து ஆண்டுக்கு நீட்டித்தபோதும் மாற்றவில்லை. இந்த எட்டு ஆண்டில் சிமெண்டும் கம்பியும் எம்-சாண்டும் என்ன விலைக்குப் போயின என்று உங்களில் வீடு கட்டியவர்கள்தான் சொல்ல வேண்டும். விதிப்படி வீடு குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி. 1,20,000-த்தை வகுத்துப் பாருங்கள், சதுர அடிக்கு 445 ரூபாய் சொச்சம். அந்தக் காசுக்குக் காங்கிரீட் போட முடியுமா?

முடியாது என்பது தமிழ்நாட்டு அரசுக்குத் தெரியும். ஆட்சியில் யார் இருந்தாலும் காங்கிரீட் கூரைக்கென்று மாநிலப் பணத்தைத் தனியாகச் சேர்த்தே வந்திருக்கிறார்கள். 2016-இல் கூரைக்கு 50,000 சேர்த்து 1,70,000 ஆக்கினார்கள். 2021-இல் கூரைப் பணத்தை 1,20,000 ஆக உயர்த்தி மொத்தம் 2,40,000 ஆக்கினார்கள். கணக்குப் பாடம் மறந்துவிடவில்லையே? அடிப்படைத் தொகையான 1,20,000-இல் மத்திய அரசு 60 விழுக்காடு, மாநிலம் 40 விழுக்காடு. அதாவது 72,000-மும் 48,000-மும். கூரைப் பணம் முழுவதும் மாநிலத்துடையது. ஆக 2,40,000-இல் மாநிலத்தின் பங்கு 1,68,000, நூற்றுக்கு 70. ஆனால் திட்டத்தின் பெயரில் மாநிலம் இல்லை. ஒருவேளை நாளை மாநிலத் திட்டம் ஒன்றின் பெயரில் மத்தியப் பணம் மறைந்து நின்றாலும் இதையேதான் சொல்வேன். பெயர்ப்பலகையைப் படித்தால் மட்டும் போதாது, பங்குக் கணக்கையும் படிக்க வேண்டும்.

மாநிலம் தன் சொந்தப் பணத்தில் நடத்திய திட்டங்களும் உண்டு. 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம். குடிசைகளைக் கணக்கெடுத்து, சுமார் 21 லட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடாக்குவது நோக்கம்; ஒரு வீட்டுக்கு 75,000 ரூபாய். 2011-இல் ஆட்சி மாறியது, திட்டமும் நின்றது. அதே ஆண்டு முதலமைச்சரின் சூரிய மின்சக்தி பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 300 சதுர அடி, 1,80,000 ரூபாய், அதில் 30,000 சூரிய ஒளி விளக்குக்கு, ஆண்டுக்கு 60,000 வீடு. இப்போது 2024-25 முதல் கலைஞரின் கனவு இல்லம். 360 சதுர அடி, 3,50,000 ரூபாய், 2030-க்குள் 8 லட்சம் வீடு கட்டிக் குடிசையில்லாத் தமிழ்நாடு ஆக்குவது இலக்கு.

ஆட்சி மாறும்போது திட்டத்தின் பெயர் மாறுவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு கூரையும் அதனால் ஒழுகாது. ஆனால் பழைய பட்டியல் செல்லாது, புதுப் பட்டியல் எடு என்று ஆரம்பிக்கும்போது, முந்தைய பட்டியலில் பெயர் இருந்து முறை வராமல் நின்றவர் மறுபடி வரிசையின் வாலுக்குப் போகிறார். மத்தியத் திட்டத்திலும் இதே கதைதான். 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் பெயர் இருந்தவர்களுக்குத்தான் 2016-இல் வீடு. 2012-இல் கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போன ஏழைப் பையன் அந்தக் கணக்கில் ஏழையே இல்லை. பிறகு 2018-இல் விடுபட்டவர்களைக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். வீட்டில் மோட்டார் சைக்கிள் இருந்தால் கிடையாது, குளிர்சாதனப் பெட்டி இருந்தால் கிடையாது என்றும் விதி இருந்தது. எலுமிச்சை மூட்டையைப் புளியங்குடி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகப் பழைய வண்டி ஒன்றைத் தவணையில் வாங்கியவர் பணக்காரர் ஆகிவிட்டார்! 2024-இல்தான் அந்த இரண்டு விதிகளையும் தளர்த்தினார்கள்.

நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. வாசுதேவநல்லூர் பேரூராட்சி. ஊரகத் திட்டங்கள் ஊராட்சிகளுக்குத்தான். அதே வாழ்க்கை, அதே கூலி வேலை, அதே மண்சுவர். ஆனால் ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் ஒரு திட்டம், பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால் வேறொரு திட்டம். 2004-இல் தமிழ்நாட்டின் பேரூராட்சிகளைச் "சிறப்புக் கிராம ஊராட்சி" என்று மாற்றினார்கள், ஊரக வளர்ச்சிப் பணம் இவற்றுக்கும் வரட்டும் என்ற கணக்கில். 2006-இல் மறுபடி பேரூராட்சி ஆக்கினார்கள். 2015-இல் நகர்ப்புறத்துக்கான பிரதமர் வீட்டுவசதித் திட்டம் வந்த பிறகுதான் நம்மைப் போன்ற ஊர்களில் சொந்த மனை உள்ளவருக்கு மத்தியப் பங்கு 1,50,000, மாநிலப் பங்கு 60,000 என்று 2,10,000 கிடைக்க வழி பிறந்தது. அதனால் யாராவது "பக்கத்து ஊர்ல மூணரை லட்சம் கொடுக்காங்க, நமக்கு ஏன் இல்ல?" என்று கேட்டால், முதலில் அவர் வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று கேளுங்கள்.

சரி, மூன்றாவது பங்குக்கு வருவோம். மீதி.

கனவு இல்லத்தின் 3,50,000-த்தை 360-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 972 ரூபாய். இதுவரை வந்த திட்டங்களில் இதுவே பெரிய தொகை, மறுக்கவில்லை. ஆனால் நம் பக்கம் இன்று ஒப்பந்தத்துக்குக் கட்டுகிறவர் யாரும் சதுர அடி 2,000-த்துக்குக் குறைந்து பேசுவதில்லை. குடும்பமே கூடமாட நின்று மண் சுமந்து, கையாள் சித்தாள் கூலியை மிச்சம் பிடித்தாலும் ஒரு லட்சமோ ஒன்றரை லட்சமோ துண்டு விழும். அது எங்கிருந்து வருகிறது? அம்மாவின் கம்மலிலிருந்து, மகளிர் குழுக் கடனிலிருந்து, வட்டிக்காரரிடமிருந்து.

தொகை குறைவு என்பதோடு, பணம் வரும் நேரமும் ஒரு தொல்லை. அடித்தளம் முடிந்தால் ஒரு பில், லிண்டல் மட்டம் முடிந்தால் ஒரு பில், கூரை போட்டால் ஒரு பில், பூச்சு முடிந்தால் கடைசி பில். வேலை முடிந்ததைப் படம் எடுத்து ஏற்றிய பிறகே பணம். முறைகேட்டைத் தடுக்க இது தேவை என்பது புரிகிறது. ஆனால் முதல் வேலையை முடிக்கவே கையில் காசு வேண்டும். காசு இருந்தால் அவர் ஏன் ஏழை? இருந்த குடிசையைப் பிரித்தாயிற்று, புது வீடு லிண்டலோடு நிற்கிறது, நடுவில் தார்ப்பாய் கட்டிக் குடித்தனம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். குற்றாலச் சாரலோடு வரும் அந்தக் காற்றில் தார்ப்பாய் எம்மாத்திரம்? என் வகுப்பில் படித்த ஒரு பையனின் வீடு இப்படி நான்கு ஆண்டு நின்றது. ஐந்தாம் வகுப்பில் அவன் நோட்டுகள் நனைந்து ஊதியிருந்ததால் அவனுக்கு மட்டும் பள்ளி அலமாரியில் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தேன். அரசுக் கணக்கில் அது "ஒதுக்கீடு செய்யப்பட்ட வீடு". அவன் கணக்கில் அது வீடே இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலும் இதே பாடம்தான். 1972-இல் கேரளத்தில் அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் லட்சம் வீடு திட்டத்தைத் தொடங்கினார். புனலூர்ப் பக்கம் வேலைக்குப் போன நம் ஊர்க்காரர்கள் "லட்சம் வீடு காலனி" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒரு லட்சம் ரூபாய் வீடு என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு லட்சம் வீடு கட்டும் திட்டம் என்பதே பொருள். மக்களும் மாணவர்களும் உடலுழைப்புத் தந்து எழுந்தவை அவை. நடுச்சுவர் ஒன்று, இருபுறமும் இரண்டு குடும்பம் என்று சிக்கனமாகக் கட்டினார்கள். பிற்காலத்தில் பழுது பார்க்க நினைத்தபோது ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் சுவரைத் தொட முடியவில்லை. கட்டும்போது மிச்சம் பிடித்த காசை, பின்னால் குடியிருந்தவர்கள் கொடுத்தார்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை மகனும் இதைப் படிப்பான் என்பதால் அதையும் சொல்கிறேன். அங்கே 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. 1968 முதல் தொழிலாளி தன் மத்திய சேமநிதிப் பணத்திலிருந்தே வீட்டுத் தவணையைக் கட்ட வழி செய்தார்கள். அங்கே அரசு வீட்டை இலவசமாகத் தரவில்லை. மீதியை எங்கிருந்து கட்டுவது என்ற கேள்விக்கு ஒரு வழி வகுத்தது. நம் நாட்டில் கூலித் தொழிலாளிக்குச் சேமநிதி ஏது? அதனால் அதை அப்படியே இங்கே நட்டால் முளைக்காது. ஆனால் கேள்வி ஒன்றுதான்: மீதிப் பணத்துக்கு யார் பொறுப்பு?

வீடு கட்டி முடித்ததோடு செலவு தீர்வதும் இல்லை. 1980-களிலும் 90-களிலும் கட்டிய தொகுப்பு வீடுகளின் கூரையில் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து, தூங்குகிறவர் மேல் விழுகிறது. 2024-இல் இத்தகைய பழைய ஊரக வீடுகள் இரண்டரை லட்சத்தைப் பழுது பார்க்க 2,000 கோடி ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. 2025-26-இல், பழுது பார்க்கவே முடியாத நிலையில் உள்ளவற்றுக்குப் பதிலாக 25,000 புது வீடு கட்ட 600 கோடி ஒதுக்கியது. 20,000 ரூபாய்க்கு ஒரு வீடு என்று அன்று சிக்கனம் பிடித்ததன் மிச்சக் கணக்கு இன்று கோடிகளில் வருகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு "அரசுத் திட்டமே வேண்டாம்" என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் வகுப்பில் ஓலையும் கரும்புத் தோகையும் வேய்ந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளைகளே அதிகம். சித்திரை பிறந்தால் எந்தத் தெருவில் தீப்பிடிக்குமோ, ஐப்பசி பிறந்தால் எந்தச் சுவர் விழுமோ என்ற பயம் ஊருக்கே இருந்தது. நான் ஓய்வு பெறும்போது அப்படி வந்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த மாற்றத்தில் அரசுப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நம் வரிப்பணம் இதைவிட நல்ல இடத்துக்குப் போனதாக எனக்குத் தெரியவில்லை. நான் சொல்வது, மீதிப் பங்கைப் போட்டவர்களின் பெயரையும் கணக்கில் எழுதுங்கள் என்பதுதான்.

வீடு வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு மூன்று வார்த்தை. ஒன்று, பட்டாவை முதலில் சரிசெய்யுங்கள். தாத்தா பெயரிலேயே கிடக்கும் நத்தம் மனையால் முறை வந்தும் வீடு கைவிட்டுப் போகும். இரண்டு, ஒதுக்கிய அளவுக்குள் கட்டுங்கள். "கூட ஒரு ரூம் இழுத்துப் போட்டுடலாம்" என்ற ஆசையில்தான் பல வீடுகள் லிண்டலோடு நிற்கின்றன. அந்த அறையைப் பின்னால் கட்டிக்கொள்ளலாம். மூன்று, பழைய குடிசையை மொத்தமாகப் பிரிக்காமல், ஒரு மழைக்காலம் ஒதுங்க இடம் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

அலுவலகத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வார்த்தை. உங்கள் மேஜையில் ஒரு பில் ஒரு வாரம் கூடுதலாகத் தூங்கினால், அந்த வாரத்து வட்டியை ஓர் ஏழைத் தாய் கட்டுகிறாள். விதியை மீற வேண்டாம். கையெழுத்தை நாளைக்குத் தள்ளாமல் இருந்தால் போதும். தொகையை ஏற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை. மீதியைக் குறைக்கும் அதிகாரம் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு எந்த ஆண்டு, எந்தத் திட்டத்தில், எவ்வளவு வந்தது, கையிலிருந்து எவ்வளவு போட்டீர்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். அப்பாவுக்குத் திட்டத்தின் பெயர் நினைவிருக்கும். எந்த நகை எந்த மாதம் அடகுக்குப் போனது என்பது அம்மாவுக்குத்தான் நினைவிருக்கும். நம் ஊர் வரலாற்றில் அதுவும் ஒரு பக்கம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
வாசுதேவநல்லூர்.